பழைய காரில் நாடு கடந்து போகும்போது எந்தப் பெட்ரோலை நிரப்புவது?

கேள்வி இதுதான்: 1970களில் தயாரான, கார்பரேட்டர் பொருத்திய ஒரு காரில் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றைச் சில வாரங்கள் சுற்றிவர ஒருவர் திட்டமிட்டிருக்கிறார், பிறகு வேறு கண்டங்களுக்கும் போகும் எண்ணம் உண்டு. ஈயம் கலந்த பெட்ரோல் இப்போது எங்கும் இல்லை, இருக்கிற பெட்ரோலிலும் எத்தனால் கலக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குக் கவலை. எஞ்சினுக்குக் கேடு வராமலிருக்க ஒவ்வொரு இடத்திலும் எதைக் கேட்டு வாங்குவது என்று அறிய விரும்புகிறார்.

சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் பம்பின் மேல் வட்டக் குறிக்குள் ஆங்கில இ எழுத்தும் 5 என்ற எண்ணும் இருக்கிற, 98 ஆக்டேன் பெட்ரோலை நிரப்புங்கள். அது கிடைக்காத இடத்தில் ஒரு டேங்க் இ10, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல், நிரப்பினால் கார் அழிந்துவிடாது. பழைய கார் வைத்திருப்பவர்கள் எத்தனாலுக்கு அஞ்சுகிற அளவு, அதைவிட விரைவாக எஞ்சினைக் கெடுக்கக்கூடிய மற்றத் தவறுகளுக்கு அஞ்சுவதில்லை என்பது என் கருத்து. தவறான குழாயை எடுத்து டீசலை நிரப்புவதும், ஆக்டேன் போதாத பெட்ரோலோடு மலையேறுவதும், இற்றுப்போன ரப்பர் குழாயோடு பயணத்தைத் தொடங்குவதும் அன்றே விளைவைக் காட்டிவிடும். எத்தனாலும் ஈயமின்மையும் மாதக் கணக்கிலும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்களிலும் வேலை செய்பவை.

ஆக்டேனிலிருந்து தொடங்குவோம். ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியை அளப்பது அன்று. சிலிண்டருக்குள் அழுத்தப்படும்போது, தீப்பொறி தொட்டுப் பரவும் சுடருக்கு முன்பாகவே கலவை தானாகப் பற்றிக்கொள்ளாமல் எவ்வளவு தாங்கும் என்பதைக் குறிப்பது. தாங்காவிட்டால் எஞ்சினிலிருந்து சிறு கூழாங்கற்களை டப்பாவில் போட்டுக் குலுக்குவது போன்ற ஓசை வரும். மெக்கானிக்குகள் இதை நாக்கிங் என்பார்கள். புதிய கார்களில் இதை உணரும் சென்சார் இருப்பதால் எஞ்சின் தானாகவே பொறியின் நேரத்தைப் பின்தள்ளிக்கொள்ளும். உங்கள் காரில் அந்த வேலையைச் செய்ய உங்கள் காதைத் தவிர வேறு கருவி இல்லை. முழுச் சுமையோடு மலையேறும்போதோ, நெடுஞ்சாலையில் காற்றின் இரைச்சல் எஞ்சின் ஓசையை மறைக்கும்போதோ நாக்கிங் தொடர்ந்து நடந்தால் பிஸ்டனின் தலை உருகி ஓட்டை விழுவது வரை போகும்.

காரின் கையேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பிரிட்டிஷ் கார்களின் கையேடுகளில் எண்ணுக்குப் பதிலாக நட்சத்திரங்கள் இருக்கும். நான்கு நட்சத்திரம் என்றால் 97 ஆக்டேன், ஐந்து என்றால் 100. சிலிண்டரில் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பதைக் காட்டும் அழுத்த விகிதம் எட்டுக்கு ஒன்று என்ற அளவிலோ அதற்குக் கீழோ இருந்தால் 95 பொதுவாகத் தாராளமாகப் போதும். ஒன்பதைத் தாண்டிய பழைய எஞ்சின்களுக்கு 97, 98 வேண்டியிருக்கும். வேண்டிய ஆக்டேன் கிடைக்காமல் கீழானதை நிரப்ப நேர்ந்தால், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரைச் சற்றுத் திருப்பிப் பொறியை இரண்டு மூன்று டிகிரி தாமதப்படுத்துங்கள். இழுவை கொஞ்சம் குறையும், எஞ்சின் பிழைக்கும். தேவைக்கு மேலான ஆக்டேனால் இழப்பு உங்கள் பணப்பைக்கு மட்டுந்தான். கடல் மட்டத்திலிருந்து உயரப் போகப்போகக் காற்று அடர்த்தி குறைவதால் கார்பரேட்டர் எஞ்சினுக்கு வேண்டிய ஆக்டேனும் குறையும். அமெரிக்காவின் ராக்கி மலைப் பகுதிகளில் மற்ற இடங்களைவிடக் கீழான 85 எண் பெட்ரோல் விற்கப்படுவதற்கு இதுவே காரணம். ஆனால் அங்கே நிரப்பிக்கொண்டு அன்றே சமவெளிக்கு இறங்குபவர் அந்தச் சலுகையையும் மலையிலேயே விட்டுவிட்டு வருகிறார்.

அந்த 85 என்ற எண் ஐரோப்பியக் கணக்கில் 85 அன்று. ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற இடங்களில் எழுதப்படுவது ஆர்ஓஎன் எனப்படும் ஆய்வு ஆக்டேன் எண். அமெரிக்காவிலும் கனடாவிலும் இந்த எண்ணையும், இன்னும் கடுமையான சூழலில் அளக்கப்படும் எம்ஓஎன் எண்ணையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதுகிறார்கள். ஆகவே அங்கே 87 என்பது ஏறத்தாழ 91 அல்லது 92 ஆர்ஓஎன், 91 என்பது ஏறத்தாழ 95 அல்லது 96, 93 என்பது ஏறத்தாழ 98. கையேட்டில் 91 என்று படித்துவிட்டு அமெரிக்காவில் 91 தேடுபவர் தேவைக்கு மேல் செலவிடுகிறார், அவ்வளவுதான். கையேட்டில் 98 என்றிருந்தால் 93 தேட வேண்டும். கலிபோர்னியாவில் பெரும்பாலான நிலையங்களில் 91தான் உச்சம் என்பதால் பொறியின் நேரத்தைத் திருத்தத் தயாராக இருக்க வேண்டும். ஜப்பானில் சாதாரணப் பெட்ரோலின் குறைந்தபட்சத் தரம் 89 ஆர்ஓஎன், உயர்வகையினது 96. பழைய ஐரோப்பியக் காருக்கு அங்கே உயர்வகையே ஏற்றது.

இனி எத்தனால். ஐரோப்பியப் பெட்ரோல் தரமான இஎன் 228, எத்தனால் அளவில் இரண்டு வகைகளை அனுமதிக்கிறது: 5 சதவீதம் வரை கலந்தது இ5, 10 சதவீதம் வரை கலந்தது இ10. இவை உச்சவரம்புகள் என்பதைக் கவனியுங்கள். இ5 என்று ஒட்டியிருக்கிற பெட்ரோலில் எத்தனாலே இல்லாமலும் இருக்கலாம். 2018 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் பம்புகளில் ஒரே மாதிரிக் குறிகள் கட்டாயமாயின. பெட்ரோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம், வாயு எரிபொருள்களுக்குச் சாய்சதுரம். புதிய கார்களின் டேங்க் மூடியிலும் இதே குறி இருக்கும். பழைய காரில் இருக்காது என்பதால் நீங்களே ஒரு சீட்டில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவைப்பது நல்லது. காரை இரவல் வாங்கிய நண்பரோ உடன் பயணிப்பவரோ பெட்ரோல் நிரப்பப் போகும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

நாட்டுக்கு நாடு நிலைமை மாறுகிறது. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் 95 ஆக்டேன் பெட்ரோல் இ10 ஆனது. 97க்கு மேற்பட்ட சூப்பர் வகையே இ5 ஆகத் தொடர்கிறது. பெல்ஜியத்தில் 2017 முதலும், நெதர்லாந்தில் 2019 அக்டோபர் முதலும், சுவீடனில் 2021 ஆகஸ்ட் முதலும், போலந்தில் 2024 ஜனவரி முதலும் 95 என்றால் இ10 என்று எடுத்துக்கொள்ளலாம். 98ஐத் தேட வேண்டும். பிரான்சில் இ10 என்ற பெயரோடு விற்கும் 95, 2009இல் வந்தது. அங்கேயும் 98தான் உங்களுக்கானது. ஜெர்மனி சற்று வேறு. 2011இல் அங்கே இ10 அறிமுகமானபோது ஓட்டுநர்கள் எஞ்சின் கெட்டுவிடும் என்று அஞ்சி அதைத் தொடவே மறுத்தார்கள். இன்றும் பல நிலையங்களில் 95 ஆக்டேன் இ5, இ10க்குப் பக்கத்திலேயே நிற்கிறது. 95 போதும் என்கிற எஞ்சினுக்கு அங்கே 98க்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. இத்தாலியிலும் ஸ்பெயினிலும் 95 பெரும்பாலும் இ5 ஆகவே கிடைத்து வந்திருக்கிறது. இந்தப் பட்டியல் மாறிக்கொண்டே இருப்பது. ஆகவே பிரீமியம், சூப்பர் என்ற பெயர்களை நம்பாமல் வட்டத்துக்குள் இருக்கிற எண்ணை நம்புங்கள்.

பிரான்சில் கண்ணில் படும் இ85 வகையைத் தொடவே கூடாது. விலை மிகக் குறைவு என்பதால் கை போகும். ஆனால் அதில் பெரும்பகுதி எத்தனால்தான். கார்பரேட்டரும் குழாய்களும் அதற்கென்றே மாற்றப்படாத காரில் அது ஒழுங்காக எரியாது, குழாய்களையும் தின்னத் தொடங்கும்.

எத்தனால் என்னதான் செய்கிறது? முதலாவது, அது நல்ல கரைப்பான். பழைய டேங்கின் அடியில் பல ஆண்டுகளாகப் படிந்து கிடக்கும் கோந்து போன்ற கசட்டைக் கிளப்பி ஃபில்டருக்குக் கொண்டுவரும். இ10 நிரப்பிய சில நாள்களில் கார் இருமி நின்றுவிட்டால், எத்தனால் எஞ்சினைக் கெடுத்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். இரண்டாவது, பழைய நைட்ரைல் ரப்பர், கார்க் கேஸ்கெட், கார்க் மிதவைக்குப் பூசிய அரக்கு, பாலியஸ்டர் பிசினால் செய்த ஃபைபர் கண்ணாடி டேங்க் ஆகியவற்றை அது ஊறவைத்து மென்மையாக்கும். உலர்ந்தால் சிலவற்றில் வெடிப்பு விழும். இதில்தான் உயிராபத்து இருக்கிறது, ஏனெனில் பெட்ரோல் பம்பிலிருந்து கார்பரேட்டருக்குப் போகும் குழாய் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு ஒரு சாண் தொலைவில் இருக்கும். பயணத்துக்கு முன் டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை இருக்கிற எல்லா ரப்பர் குழாய்களையும் மாற்றிவிடுங்கள். குழாயின் மேல் எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருந்தால் உள்ளே எத்தனாலைத் தாங்கும் ஃப்ளோரோகார்பன் படலம் உண்டு; ஆர்6 என்றிருப்பவை அந்த வேலைக்குப் போதா. எந்தப் பெட்ரோலைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு நான் தரக்கூடிய மிகப் பயனுள்ள விடை இந்தச் சில மீட்டர் குழாய்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது, எத்தனால் நீரை ஈர்க்கும். எத்தனால் இல்லாத பெட்ரோலில் நீர் கரையவே கரையாது என்று சொல்லிவிடலாம். டேங்கின் அடியில் தனியாக நிற்கும். இ10, 15 டிகிரி வெப்பநிலையில் ஏறத்தாழ அரை சதவீத நீரைத் தனக்குள் வைத்துக்கொள்ளும். ஐம்பது லிட்டர் டேங்கில் அது கால் லிட்டர். அதைத் தாண்டினாலோ, இரவில் குளிர் இறங்கினாலோ, நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். அந்த அடிப்படலம் ஈயப்பூச்சு கொண்ட பழைய தகர டேங்கையும், துத்தநாகக் கலவையில் வார்த்த கார்பரேட்டர் உடலையும் அரிக்கும். ஆனால் இது நின்றுகிடக்கும் காரின் நோய். நாள்தோறும் சில நூறு கிலோமீட்டர் ஓடி, இரண்டு நாளுக்கு ஒருமுறை டேங்கைக் காலி செய்கிற காரில் நீர் சேரவே நேரமில்லை. சிறிதளவு இருந்தாலும் எத்தனாலோடு கலந்து எரிந்து போய்விடும். சுற்றுப்பயணம் போகும் காரைவிட ஆண்டில் பத்து மாதம் கொட்டகையில் உறங்கும் காருக்கே இ10 அதிகக் கேடு என்று நான் சொல்வது இதனால்தான்.

நான்காவது, கலவை நீர்த்துப்போவது, அதாவது காற்றுக்கு ஏற்ற அளவு எரிபொருள் இல்லாமல் போவது. எத்தனாலில் ஆக்சிஜன் உள்ளது. அதன் ஆற்றலும் லிட்டருக்குப் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். எனவே இ10க்கு அதே காற்றில் ஏறத்தாழ 4 சதவீதம் கூடுதல் எரிபொருள் தேவை. ஆக்சிஜன் சென்சார் உள்ள கார் அதைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்பரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. ஏற்கெனவே சிக்கனத்துக்காகக் கலவையை இறுக்கி வைத்திருக்கிற காரில் இ10 ஊற்றினால் காலையில் கிளம்பத் தயங்கும், ஆக்சிலேட்டரை மிதித்ததும் ஒரு கணம் விக்கும், ஏற்றத்தில் சூடேறும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி இளம்பழுப்பாக இருந்தால் கவலையில்லை, சுண்ணாம்பு போல வெளுத்திருந்தால் கார்பரேட்டரில் பெட்ரோல் பாயும் அளவைத் தீர்மானிக்கும் துளையான மெயின் ஜெட்டை ஒரு அளவு பெரியதாகப் போட வேண்டும். பயணத்துக்கு முன்பே அடுத்த அளவு ஜெட் ஒன்றை வாங்கிக் கருவிப் பெட்டியில் வைத்துக்கொண்டால் போதும். வழியில் அதைத் தேடி அலைவது வீண் வேலை.

மலைப்பாதைகளில் வேறொரு தொல்லையும் சேரும். 10 சதவீதம் வரையான எத்தனால் பெட்ரோலின் ஆவியழுத்தத்தைக் கூட்டுவதால், வெயிலில் ஏற்றம் ஏறி நிறுத்திய பிறகு எஞ்சினின் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி அடைத்துக்கொள்ளும். மறுபடி ஸ்டார்ட் ஆகாது. ஐரோப்பிய விதிப்படி ஆவியழுத்தம் குறைந்த கோடைப் பெட்ரோல் மே 1 முதல் செப்டம்பர் 30 வரை விற்கப்பட வேண்டும். வடக்கின் குளிர்ப் பகுதிகளில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான். ஏப்ரலில் திடீரென்று வெயில் அடிக்கிற ஒரு நாளில், குளிர்காலப் பெட்ரோல் இன்னும் டேங்கில் இருக்கும்போதுதான் இந்த அடைப்பு அதிகம் வரும். பானட்டைத் திறந்து கால் மணி நேரம் காத்திருந்து, பம்பின் மேல் ஈரத்துணியைப் போர்த்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். குழாயை மேனிஃபோல்டிலிருந்து விலக்கி ஓட்டுவதும் கார்பரேட்டருக்கு அடியில் வெப்பம் கடத்தாத தகடு வைப்பதும் நிரந்தரத் தீர்வுகள்.

ஐரோப்பாவுக்கு வெளியே எத்தனால் கணக்கே வேறு. அமெரிக்காவில் சாதாரணப் பெட்ரோல் ஏறத்தாழ எங்கும் இ10. அங்கே 88 என்று எழுதிய பம்பைக் கண்டால் விலகிவிடுங்கள். 87ஐவிட ஒரு படி உயர்ந்தது, விலையும் குறைவு என்று தோன்றும். உண்மையில் அது 15 சதவீத எத்தனால் கலந்தது, 2001ஆம் ஆண்டு மாடல் முதலான கார்களுக்கு மட்டுமே அனுமதிக்கப்பட்டது. தாய்லாந்தில் கேசஹால் என்ற பெயரில் விற்பவை எத்தனால் கலந்தவை. அதற்கு மேல் இ20, இ85 வகைகளும் உண்டு. எத்தனால் இல்லாதது அங்கே பென்சின் என்ற பெயரில், கூடுதல் விலையில் கிடைக்கும். பழைய காருக்கு அது கொடுக்கத் தக்க விலைதான். இந்தியாவில் 2025இல் 20 சதவீதக் கலப்பு நாடு முழுவதும் பரவிவிட்டது. பிரேசிலில் சாதாரணப் பெட்ரோலின் எத்தனால் அளவு 2015 முதல் 27 சதவீதமாக இருந்து 2025 ஆகஸ்டில் 30 ஆனது. பிரேசிலுக்குள் நுழையும் பழைய வெளிநாட்டுக் காருக்கு நல்ல பெட்ரோலைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை. ஜெட்டுகளை மாற்றி, குழாய்களையும் மிதவையையும் எத்தனால் தாங்குபவையாக்கிய பிறகுதான் எல்லையைக் கடக்க வேண்டும்.

ஈயத்துக்கு வருவோம். 1921இல் அமெரிக்காவில் தாமஸ் மிட்ஜ்லி கண்டறிந்த டெட்ராஎத்தில் ஈயம், நாக்கிங்கை அடக்குவதற்காகக் கலக்கப்பட்டது. அதோடு கேட்காமலே இன்னொரு நன்மையும் செய்தது: எக்ஸாஸ்ட் வால்வு மூடும் இடமான வால்வு சீட்டின் மேல் மெல்லிய படலமாகப் படிந்து, உலோகம் உலோகத்தோடு ஒட்டிக் கிழியாமல் காத்தது. ஜப்பான் 1980களிலும், அமெரிக்கா 1996இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2000 முதலும் சாலைக் கார்களுக்கு அதை நிறுத்தின. கடைசியாக அல்ஜீரியா 2021 ஜூலையில் விற்பனையை முடித்தது. ஆகவே ஈயப் பெட்ரோலை எந்த நாட்டிலும் தேட வேண்டியதில்லை. அது மனிதருக்குச் செய்த தீங்கை நினைத்தால் தேடவும் கூடாது.

இதனால் எந்தக் காருக்குக் கேடு? வார்ப்பிரும்பு ஹெட்டில் (சிலிண்டர்களின் மேல்மூடியில்) நேரடியாகக் குடைந்த சீட்டுகள் கொண்ட எஞ்சின்களுக்கு. அலுமினிய ஹெட்டில் சீட்டுகள் தனி வளையங்களாகப் பதிக்கப்படுவதால் அவை பெரும்பாலும் கடினமானவை. முன்னொரு காலத்தில் ஹெட்டைக் கழற்றி வேலை பார்த்திருந்தால் கடினச் சீட்டுகள் ஏற்கெனவே போடப்பட்டிருக்கலாம். பழைய ரசீதுகளைப் புரட்டிப் பாருங்கள். மென்மையான சீட்டுதான் என்றாலும் தேய்மானம் எல்லா ஓட்டத்திலும் ஒரே அளவில் நடப்பதில்லை. நிதானமாக ஓட்டும்போது ஏறத்தாழ ஒன்றுமே நடக்காது. உயர்ந்த சுழற்சியில் மணிக்கணக்காக ஓடும்போதுதான் விரைவாகத் தேயும். ஆகவே அதிவேக நெடுஞ்சாலையை விட்டு ஊர்ப்புறச் சாலையில் போகிறவர் பாட்டிலில் விற்கும் எந்த மருந்தையும்விட நல்ல பாதுகாப்பைப் பெறுகிறார்.

தேய்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. சீட் தேய்ந்து வால்வு உள்ளே இறங்கும்போது அதன் இடைவெளி குறையும். கிளம்புமுன் எல்லா எக்ஸாஸ்ட் வால்வுகளின் இடைவெளியையும் அளந்து குறித்துவையுங்கள். இரண்டாயிரம் கிலோமீட்டர் போனதும் மறுபடி அளங்கள். மாற்றமில்லை என்றால் அந்தக் கவலையை அங்கேயே இறக்கி வைத்துவிடலாம். குறைந்துகொண்டே போனால் வேகத்தைக் குறைத்து, ஈயத்துக்கு மாற்றாக விற்கப்படும் சேர்மத்தைப் பயன்படுத்துங்கள். பொட்டாசியம், சோடியம், பாஸ்பரஸ், மாங்கனீசு என்று அவற்றின் அடிப்படை மாறுபடும். ஒரு வகையைத் தொடங்கினால் வழியில் கிடைத்த வேறு வகையோடு கலக்காமல், முழுப் பயணத்துக்கும் வேண்டியதைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

இதுவரை சொன்னவை உங்கள் காருக்கு. பழைய கார் என்றால் 1970களில் வந்தது மட்டுமன்று. 1980களின் இறுதியிலும் 1990களிலும் வந்த, புகையைத் தூய்மையாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் பொருத்திய காரில் மேற்சொன்ன மாற்றுச் சேர்மங்களை ஊற்றக் கூடாது. கன்வெர்ட்டரும் ஆக்சிஜன் சென்சாரும் பாழாகும். 2000ஐ ஒட்டி வந்த முதல் தலைமுறை நேரடி இன்ஜெக்‌ஷன் கார்களை யாரும் பழையவை என்று எண்ணுவதில்லை. ஆனால் அவற்றில் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்களே இ10 வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பொதுவாக 2011க்குப் பின் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த கார்கள் இ10ஐத் தாங்கும்.

இப்போது நான் முதலில் சொன்ன டீசல் ஆபத்து. இன்றைய பெட்ரோல் கார்களில் டேங்கின் வாய் குறுகலாக இருப்பதால் தடித்த டீசல் நாசில் உள்ளே நுழையாது. ஈயப் பெட்ரோல் காலத்துக் காரின் வாய் அகலமானது. டீசல் நாசில் இலகுவாக நுழைந்துவிடும், தடுப்பதற்கு எதுவும் இல்லை. நிறத்தையும் நம்ப முடியாது: பிரிட்டனில் பச்சை நாசில் பெட்ரோல், கறுப்பு டீசல், அமெரிக்காவில் பச்சை பல இடங்களில் டீசல். ஜப்பானில் சாதாரணப் பெட்ரோல் சிவப்பு, உயர்வகை மஞ்சள், டீசல் பச்சை. அங்கே டீசலின் பெயரான கெய்யூ என்பதற்கு நேர்ப்பொருள் இலேசான எண்ணெய். கெய் எனப்படும் சிறிய கார்களுக்கு அதுதான் எரிபொருள் என்று எண்ணி உள்நாட்டினரே தவறு செய்வதுண்டு.

பெயர்கள் இன்னும் ஏமாற்றும். செக் நாட்டில் நாஃப்தா என்றால் டீசல். அர்ஜென்டினாவில் நாஃப்தா என்றால் பெட்ரோல். இத்தாலியின் காசோலியோ, ஸ்பெயினின் காசோலியோ, பிரான்சின் கசோல் மூன்றும் டீசல். அமெரிக்கப் பழக்கத்தில் காஸ் என்று தொடங்குவதைப் பார்த்துக் கையை நீட்டுபவர் மாட்டிக்கொள்வார். பிரெஞ்சில் பெட்ரோலுக்கு எசான்ஸ் என்று பெயர். ஜெர்மனில் பென்சின், இத்தாலியனில் பென்சினா. சந்தேகம் வந்தால் வட்டமா சதுரமா என்று பாருங்கள். டீசல் போய்விட்டது என்று தெரிந்தால் சாவியைத் திருப்பவே கூடாது. காரைத் தள்ளி ஓரமாக நிறுத்தி, டேங்கை முழுதும் வடித்து, புதுப் பெட்ரோலால் அலசிவிட்டுத்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

நெடுந்தொலைவில், பம்பில் எந்தக் குறியும் இல்லாத இடத்தில் நிரப்ப நேரலாம். அப்போது ஒரு கண்ணாடிக் குவளையில் சிறிது பிடித்துச் சில நிமிடம் வைத்துப் பாருங்கள். நீரும் தூசும் அடியில் தெரியும். ஒரு சொட்டை வெள்ளைத்தாளில் விட்டால் நல்ல பெட்ரோல் கறையில்லாமல் ஆவியாகும், மண்ணெண்ணெய் கலந்திருந்தால் எண்ணெய்க் கறை நிற்கும். எத்தனால் அளவை அறிய, அளவுக்கோடுகள் உள்ள ஒல்லியான குப்பியில் பத்துப் பங்கு நீரும் தொண்ணூறு பங்கு பெட்ரோலும் ஊற்றிக் குலுக்கி நிறுத்துங்கள். எத்தனால் முழுதும் நீரோடு சேர்ந்து கீழிறங்கும். அடிப்படலம் பத்துப் பங்கிலேயே நின்றால் எத்தனால் இல்லை, இருபது பங்கை நெருங்கினால் ஏறத்தாழ 10 சதவீதம் உண்டு. இதைத் திறந்த வெளியில், எஞ்சினிலிருந்து தள்ளி, சிகரெட் பிடிப்பவர் யாரும் அருகில் இல்லாதபோது செய்யுங்கள். நிலத்தடித் தொட்டியில் லாரி பெட்ரோலை இறக்கிக்கொண்டிருப்பதைக் கண்டால் அங்கே நிரப்பாதீர்கள். அடியில் கிடந்த சேறும் நீரும் அப்போதுதான் கலங்கி மேலே வரும்.

நல்ல பெட்ரோல் கிடைக்கிற நாட்டில் எல்லைக்குச் சற்று முன்பே டேங்கை நிரப்பிக்கொள்ளலாம். பாதி டேங்க் இ5 இருக்கும்போது இ10 ஊற்றுவதால் தீங்கில்லை. கிடைப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட கலவை, அவ்வளவே. கேன்களில் அள்ளிச் செல்வதை நான் விரும்புவதில்லை. சில நாடுகள் காருக்குள் உபரிப் பெட்ரோல் வைப்பதையே தடைசெய்கின்றன, பல படகுச் சேவைகள் நிரம்பிய கேனை ஏற்றுவதில்லை. விபத்தில் அது என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

பயணம் முடிந்து காரை மாதக் கணக்கில் நிறுத்தப் போகிறீர்கள் என்றால், கடைசியாக நிரப்புவது எத்தனால் இல்லாததாகவோ, இல்லாவிட்டால் இ5 ஆகவோ இருக்கட்டும். டேங்கை விளிம்புக்குச் சற்றுக் கீழ்வரை நிரப்பினால் ஈரக் காற்றுக்கு இடம் குறையும். பிறகு டேங்கிலிருந்து வரும் குழாயை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் கார்பரேட்டரின் கிண்ணமும் காலியாகிவிடும்.